புகை மணக்கும் கருப்பட்டி

பங்குனி பிறந்ததும் குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, உடன்குடிப் பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிகள் புகையத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறக்கிய பதனியைத் தாத்தா கொண்டுவந்து ஊற்றுவார். ஆச்சி அடுப்பில் காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் தள்ளுவாள். பொங்கி வழியப் பார்த்தால், நசுக்கிய ஆமணக்கு முத்து நாலைப் போட்டதும் அடங்கிவிடும். கறுத்து இறுகிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவாள். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன நாங்கள் அடித்துக்கொள்வோம். இப்போது சென்னையில் வாங்கும் கருப்பட்டியை முகர்ந்து பார்க்கிறேன். இனிப்பு இருக்கிறது, அந்தப் புகைதான் இல்லை.

இவ்வளவு ருசியான ஊரை ஏன் விட்டு வந்தோம்? தாமிரபரணித் தண்ணீர் திருச்செந்தூர்ப் பக்கத்து வயல்களோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே செம்மணல் தேரிதான். ஆடி கழிந்தால் பதனி வற்றிவிடும். அடுத்த பங்குனி வரை வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் சாப்பாடு. அதை அடைக்க அடுத்த வருஷக் கருப்பட்டி. நிமிரவே முடியாத கணக்கு. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிச் சீமை ஆட்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்காக 1854-ல் கண்டியில் தொடங்கிய கிறிஸ்தவ மிஷனுக்கு இங்கிருந்தே உபதேசியார்கள் போனார்கள். பின்னால் வந்தவர்கள் தோட்டத்துக்குப் போகாமல் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளுக்குப் போனார்கள். ஆச்சியின் அண்ணனும் அப்படித்தான்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. 1881-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்தும் 1933-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்தும் யூதர்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். கொச்சி யூதர்கள் கதை வேறு. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது, கிளம்பிய காலத்தில் அவர்களை யாரும் விரட்டவுமில்லை. ஆனாலும் 1948-ல் இஸ்ரேல் பிறந்த பிறகு, வேதத்தில் படித்த மண் கூப்பிடுகிறது என்று பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள். எங்களை எந்த வேதமும் கூப்பிடவில்லை. "நாலு காசு சேத்துட்டு வந்திருவேன்" என்றுதான் ஒவ்வொருவரும் படியிறங்கினார்கள். வழியனுப்பு விழாகூடக் கிடையாது.

தோட்டங்களுக்குப் போனவர்களுக்கோ, திரும்புகிற நாளை வேறு யாரோ குறித்தார்கள். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பது தவிர வேறு வேலை தெரியாதவர்களுக்கு, அவர்கள் பார்த்தே இராத ஊர் சொந்த ஊராகிவிட்டது. இங்கே வந்து அவர்கள் ஏங்கியது நுவரெலியாக் குளிருக்கு.

எங்களுக்காவது ஊர் திரும்பத் தசரா இருக்கிறது. மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, குறவனாகவும் பிச்சைக்காரனாகவும் வேஷம் கட்டி, ஊர் ஊராகக் கையேந்தி வாங்கிய காசைக் கோயில் உண்டியலில் போடுகிறார்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்காரம் முடிந்த கையோடு பஸ் பிடித்துவிடுவார்கள்.

2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே விடலாமாம். எங்கள் ஆட்கள் குறிவைத்துப் போன தீவைத் தொடாமல் போவதுதான் இந்த ஊரின் புதுச் சிறப்பு.

வேலை வரும், பிள்ளைகள் ஊரிலேயே இருக்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் ஏங்குகிற ஊர் அதுவல்ல. விடிலிப் புகைக்கு ஏங்குகிற நான் என் மகனைப் பனையேறச் சொல்வேனா? மாட்டேன். நெஞ்சு காய்த்துப்போன தாத்தாவும் அப்பாவைப் பனைப்பக்கமே விட்டதில்லை. நான் ஏங்கும் ஊரைவிட்டு நாங்கள் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் தாத்தாதான்.