கயிறு மாறும் முன்

"சுழி சுத்தம். ஆறு பல். சின்னப் பிள்ளைகூட ஏறலாம். விலை நேரில்." கைபேசியில் வரும் குதிரை விற்பனை விளம்பரம் பெரும்பாலும் இவ்வளவுதான். கூடவே ஒரு படம்: கழுத்தைத் தூக்கி, காதை விறைத்து, பக்கவாட்டில் நிற்கும் குதிரை. குளம்பு நாலும் புல்லுக்குள் மறைந்திருக்கும். எனக்கு முதலில் கண் போவது அந்தப் புல்லுக்குத்தான்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். விவரம் தெரிந்த பெரியவர் யாராவது, "பின்னங்கால் சரியில்ல தம்பி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். விளம்பரத்தை நம்பிக் கிளம்புகிறவனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கொட்டகை, ஒரு குதிரை, நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் ஆள்.

'ஆறு பல்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பொய்யில்லை. கீழ்த்தாடையின் முன்பல் மொத்தமே ஆறுதான். பால்பல் விழுந்து ஆறும் முளைக்கக் கிட்டத்தட்ட 5 வயது ஆகிவிடும். அதன்பிறகு 8 வயதுக்கும் ஆறு பல், 18 வயதுக்கும் ஆறு பல். பல்லை எண்ணிப் பயனில்லை, தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பல்லின் நடுவில் இருக்கும் கருங்குழி 6 வயதிலிருந்து ஒவ்வொரு ஜோடியாகத் தேய்ந்து மறையும். மேல்வரிசைக் கடைப்பல்லில் 10 வயது வாக்கில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கியிருக்கும். கிழக்குதிரைப் பல்லில் குழி தோண்டிச் சூடுவைத்துக் கறுப்பாக்கி, இளசு என்று தள்ளிவிடும் வித்தையும் உலகத்தில் உண்டு.

குதிரை வாங்கி ஏமாந்த கதைகளில் திருவிளையாடலை மிஞ்சியது நம்மிடம் இல்லை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அவன் அமைச்சர் வாதவூரர் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். நரிகளைப் பரிகளாக்கி, வியாபாரியாக வேடம் போட்டு வந்து நின்றான் இறைவன். வந்தவன் மறக்காமல் ஒரு காரியம் செய்தான்: கயிறு மாற்றிக் கொடுத்தான். விற்றவன் கயிறு கழன்று, வாங்கியவன் கயிறு ஏறிவிட்டால் அப்புறம் எது நடந்தாலும் வாங்கியவன் பாடு. அன்றிரவே லாயத்தில் நரிகள் ஊளையிட்டன. தண்டனையை அனுபவித்தவர் வாதவூரர். வியாபாரியை யாரும் தேடவில்லை.

இன்றைய நரி ஊசியில் வருகிறது. வலி மருந்து ஏற்றிய குதிரை அன்று முழுக்க நொண்டாது. மயக்க மருந்து கொஞ்சம் போனால் முரட்டுக் குதிரையும் பசு மாதிரி நிற்கும். கீழுதடு தொங்கி, கண் பாதி சொருகியிருக்கும். அதனால், போய்ச் சேரும்போதே சேணம் கட்டித் தயாராக நிறுத்தியிருந்தால் எனக்கு உறுத்தும். சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். வேர்வை ஈரம் இருந்தால், துள்ளல் அடங்கும்வரை ஓட்டிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பது, கடிவாளம் போடுவது, ஏறுவது எல்லாம் நம் கண்முன் நடக்க வேண்டும். முதலில் ஏறுகிறவர் விற்கிறவராக இருக்க வேண்டும். பிறகு தார்ரோட்டில் கயிற்றைத் தளரவிட்டு ஓட்டச் சொல்ல வேண்டும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை வெடுக்கென்று மேலே தூக்கும். முழங்காலுக்குக் கீழே பின்பக்க நரம்பைத் தடவினால் ஒரு கால் மட்டும் சுடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. கிளாண்டர்ஸுக்கான ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. இருப்பது உறுதியானால் குதிரைக்கு வைத்தியம் கிடையாது, கொல்லத்தான் வேண்டும்.

வாங்கிய பிறகு? 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் காய்ந்த தீவனம் மட்டும் 6 கிலோ போல வேண்டும். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லாடம். கப்பலில் பாண்டிய நாட்டுக்கு வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

சுழியை விட்டுவிட்டேனே. தொண்டையில் சுழி இருந்தால் தேவமணி என்று கொண்டாடுவார்கள். கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்கும் இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மயிர் வளரும் திசைக்கும் குடும்பம் விளங்குவதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கால் சுத்தம், வாய் சுத்தம், குணம் தங்கம் என்று ஒரு குதிரை கண்ணடிச் சுழி ஒன்றுக்காகப் பாதி விலைக்கு நிற்பதும் உண்டு. நம்பாதவர் தாராளமாக வாங்கலாம். என்றைக்காவது விற்க நினைத்தால் மட்டும், விளம்பரத்தில் 'சுழி சுத்தம்' என்று போட முடியாது. வருகிற ஆள் முதலில் கண்ணுக்குக் கீழேதான் பார்ப்பார்.