கயிற்றின் கீழ்முனை

பாறையேற்றம் துணிவுள்ளோரின் விளையாட்டு என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். துணிவைக் காட்டிலும் அரியதொரு பண்பை அது எங்களிடம் கேட்கும் என்பதை அன்று அறியோம்.

நாங்கள் இருவர். தமிழகத்தின் ஒரே மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆய்வு மாணவியராகச் சேர்ந்தோம். பல்கலைக்கழக மலையேற்றக் கழகத்தில் பெயர் கொடுத்தது தனிமையைப் போக்கிக்கொள்வதற்காகத்தான். சனிக்கிழமைதோறும் கழகத்து வேன் எங்களை ஹாதர்சேஜ் என்னும் சிற்றூருக்கு அருகேயுள்ள ஸ்டானேஜ் பாறை விளிம்பில் கொண்டுபோய் விடும். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல் எழுந்து நிற்கும் பாறை அது. உயரமோ 25 மீட்டருக்குள்தான். அந்தச் சொரசொரப்பான கல்லில் ஒரு காலத்தில் திரிகைக் கற்கள் செதுக்கினார்கள். விற்காமல் விடப்பட்ட வட்டக் கற்கள் இன்றும் பாறையடியில் புல் மூடிக் கிடக்கின்றன.

அங்கு ஏறுவதற்கு ஒரு மரபு உண்டு. பாறையில் துளையிட்டு ஆணி அடிக்கக் கூடாது. முதலில் ஏறுபவர் தம் இடைவாரில் தொங்கும் உலோக ஆப்புகளை வெடிப்புகளில் பொருத்தி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே செல்ல வேண்டும். அடுத்து வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வர வேண்டும். இருவரும் சென்ற பின் பாறையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த ஆப்புக்கு 'நட்டு' என்றே பெயர். 1950களில் வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலைக்குச் சென்ற ஏறுநர்கள், ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, துளையில் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். அப்படி வந்த பெயர் அது.

குளிர்காலம் முழுவதும் நாங்கள் பின்னால் ஏறுபவர்களாகவே இருந்தோம். பிறர் வைத்ததைக் கழற்றுவதே எங்கள் பாடம். எளிதில் வராத நட்டு நன்றாக வைக்கப்பட்டது. தொட்டதும் கையோடு வருவது உயிரைத் தாங்காது. இதை விரல்கள் விறைக்க விறைக்கக் கற்றுக்கொண்டோம். எங்களுக்குக் கற்பித்த மூத்த மாணவி தாம் வைத்தவற்றையும் எங்களிடம் காட்டி, "இது தாங்குமா, சொல்லுங்கள்" என்று கேட்பார். தாங்காது என்று சொன்னால் மகிழ்வார்.

மே மாதத்தில் எங்கள் முறை வந்தது. வழிகாட்டி ஏட்டில் 'மிகக் கடினம்' என்று குறிக்கப்பட்ட வழி. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆணி பதித்த காலணியும் சணற்கயிறுமாக ஏறியவர்களின் காலத்துச் சொல் அது. இன்று அது தொடக்கநிலையினருக்கு உரியது. எங்களில் ஒருவர் மேலே சென்றோம். ஒருவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்தோம். யார் மேலே, யார் கீழே என்பதை இங்கு எழுதப்போவதில்லை. அடுத்த வாரமே இடம் மாறிக்கொண்டோம்.

முதல் நட்டு 3 மீட்டர் உயரத்தில். இரண்டாவது 6 மீட்டரில். ஏறுபவர் 9 மீட்டரை எட்டியபோது, கயிறு பக்கவாட்டில் இழுபட்டதால் இரண்டாவது நட்டு வெடிப்பிலிருந்து நழுவியது. கயிற்றின் வழியே சறுக்கி வந்து முதல் நட்டின்மேல் 'கிளிங்' என்று மோதி நின்றது. அதை நீண்ட நாடாவில் மாட்டியிருந்தால் அவ்வாறு நேர்ந்திராது. பிழை எங்களுடையதே.

கணக்கு எளிது. ஏறுபவர் கடைசி நட்டுக்கு மேல் எவ்வளவு தூரம் சென்றாரோ, அதைப்போல் இருமடங்கு வீழ்வார். கயிறு நீள்வது தனி. இரண்டாவது நட்டு இருந்தவரை 6 மீட்டர் வீழ்ந்து அந்தரத்தில் தொங்கலாம். இப்போதோ 12 மீட்டர். ஆனால் தரை 9 மீட்டரிலேயே இருந்தது.

மேலிருந்தவருக்கு இது தெரியாது. கீழிருந்தவர் பார்த்தார், பார்த்தும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பதறி விழுந்துவிடுவாளோ என்ற அச்சம். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டடி ஏறி, இல்லாத நட்டை நம்பி, துணிந்து கையை நீட்டிவிடுவாளோ என்ற அச்சம். அந்த மௌனம் பத்து நொடிகூட இராது. எங்கள் நட்பில் அவ்வளவு நீண்ட மௌனம் அதற்குமுன் இருந்ததில்லை.

"இரண்டாவது நட்டு கழன்றுவிட்டது. அங்கேயே நில். இன்னொன்று வை."

மேலே பதற்றக் குரல் ஏதும் எழவில்லை. நல்ல பிடியில் நின்றவாறே ஒரு கை வெடிப்பைத் தேடியது, நட்டைப் பொருத்தியது, இருமுறை இழுத்துப் பார்த்தது, நீண்ட நாடாவில் கயிற்றை மாட்டியது. அதன்பின் உச்சிவரை மெதுவாகச் சென்றோம்.

உச்சியில் ரொட்டியைப் பிரித்தபோதுதான் பேச்சு வந்தது.

"ஏன் உடனே சொல்லவில்லை?"

"பயந்துவிடுவாயோ என்று."

"பயந்தேன்தான். ஆனால் அதனால்தானே நின்றேன்."

அவ்வாண்டு ஆகஸ்டில் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. எங்களில் ஒருவரின் தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரம் கடந்திருந்தது. "தொலைவில் தனியாக இருக்கிறாய், படிப்புக் கெட்டுவிடும் என்றுதான் சொல்லவில்லையம்மா" என்று தாய் அழுதார். அந்த ஐந்து வாரமும் தொலைபேசியில் சிரித்துப் பேசிய தந்தையின் குரல் நினைவுக்கு வந்தபோது, காலடியில் பாறை இல்லாததுபோல் இருந்தது. ஆனால் சினம் கொள்ள இயலவில்லை. அன்பினால் வாய் மூடியவர்களை எப்படிக் குறைகூறுவது? மூன்று மாதத்துக்கு முன் நாங்களும் அதையே பத்து நொடி செய்தவர்கள்தாமே.

அன்று தாயிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: "இனி எதுவானாலும் உடனே சொல்லுங்கள், அம்மா. நாங்கள் தாங்குவோம்." அவர் அந்தச் சொல்லைக் காத்தார். 2019இல் தந்தை மீண்டும் நோயுற்றபோது அன்றிரவே அழைத்தார். விமானம் ஏறி வந்து, கடைசி பன்னிரண்டு நாள் அவர் கட்டிலருகே இருக்க முடிந்தது.

இப்போது நாங்கள் வெவ்வேறு ஊர்களில் வாழ்கிறோம். பாறையேறி ஆண்டுகள் பல ஆகின்றன. எனினும் தொலைபேசியில் பேசுகையில் ஒருவர் சற்றே தயங்கினால் மற்றவர் கேட்கிறோம்: "நட்டு கழன்றுவிட்டதா?"

அக்கேள்விக்கு நாங்கள் மறைத்து விடை சொல்வதில்லை.