ஐந்து சுரம், நான்கு கம்பி

திங்கள்

'சி' சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் ச, க, ப, நி நான்கும் சேர்ந்தது சி மேஜர் 7 கார்டு. அதன்மேல் மேல்ஸ்தாயி ரி ஏறினால் மேஜர் 9. எல்லாம் சங்கராபரணத்துச் சுரங்களே. 9, 11, 13 என வளரும் இவை நீட்டித்த கார்டுகள். எந்தச் சுரம் அடியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இன்வெர்ஷன் மாறும்.

செவ்வாய்

சுரங்கள் நெருங்கி அடுக்கியிருந்தால் கிட்டாரில் விரல் எட்டாது. மேலிருந்து இரண்டாம் சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கினால் பிடி எளிதாகும். இது 'டிராப் 2'. நான்காம் கம்பியிலிருந்து முதல் கம்பிவரை ஃப்ரெட் எண்களில் சி மேஜர் 7: க அடியில் 2-4-1-3, ப அடியில் 5-5-5-7, நி அடியில் 9-9-8-8, ச அடியில் 10-12-12-12.

புதன்

மேஜர் 9-க்குச் சுரம் ஐந்து, கம்பி நான்கு. ச-வை பேஸ் கிட்டாரிடம் விட்டுவிடலாம். மேற்கண்ட பிடிகளில் ச இருக்கும் விரலை இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் ரி: 2-4-3-3, 5-7-5-7, 9-9-8-10, 12-12-12-12. கடைசிப் பிடியின் சுரங்கள் விரலே படாத வெறுங்கம்பிகளிலும் உண்டு. தனியே கேட்டால் இது ஈ மைனர் 7. அடியில் 'சி' ஒலித்தால்தான் மேஜர் 9.

வியாழன்

ஜாஸில் அடிக்கடி வரும் தொடர்: டி மைனர் 9, ஜி 13, சி மேஜர் 9. பிடிகள் 3-5-5-5, 3-4-5-5, 2-4-3-3. முதல் மாற்றத்தில் ச மட்டும் நி-க்கு இறங்குகிறது. அடுத்ததில் நி அசையாமல் நிற்க, மற்ற மூன்றும் இறங்குகின்றன. இன்வெர்ஷனின் பயன் இந்தச் சிறு நகர்வுதான். கை கழுத்து முழுக்க ஓட வேண்டியதில்லை.

வெள்ளி

ராணிப்பேட்டையில் வளர்ந்தவர் 'கிட்டார்' பிரசன்னா. சென்னை ஐஐடியிலும் பின்னர் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தவர். கர்நாடக இசையையும் ஜாஸையும் ஒரே கிட்டாரில் வாசிப்பவர். விஜய் ஐயர், நிதின் மிட்டாவுடன் அவர் வாசித்த 'தீர்த்தா' இசைத்தொகுப்பு 2011-இல் வெளியானது. கர்நாடக இசையில் மெட்டே முதன்மை. கார்டோடு மெட்டு வாசிக்கும்போதும் அதுவே விதி. உச்சிச் சுரம் பார்த்துப் பிடி தேர வேண்டும்: ப-வுக்கு 2-4-3-3, நி-க்கு 5-7-5-7, ரி-க்கு 9-9-8-10, க-வுக்கு 12-12-12-12. மெட்டு ச-வில் நின்றால் 9-9-8-8 உரசும், ஏனெனில் அடியில் நி. அங்கே நி-க்குப் பதில் த வைத்து 7-9-8-8 பிடித்தால் உரசல் தீரும்.