போனக்காட்டு இறக்கமும் ஒரு மஞ்சள் விளக்கும்

அண்ணனின் பழைய டீசல் காரில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. "மாட்யூலையே மாத்தணும்கிறாங்க. காரை வித்தாக்கூட அந்தக் காசு வராதுடா" என்றார். விதுராவிலிருந்து போனக்காடு எஸ்டேட் லயங்களுக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறவர். வளைவு, மழை, சில நேரம் யானை. பணம் மட்டும் அனுப்பினால் தீருகிற கவலையா இது?

ஏபிஎஸ் என்பது பிரேக் அல்ல. சட்டென்று மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. மஞ்சள் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் சாதா பிரேக் வேலை செய்யும். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

"அண்ணே, வேற ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் போட்டு, எந்தச் சக்கரத்து கோடுன்னு கேளுங்க. சென்சார், வயர், பல்சக்கரம் மூணையும் பார்த்தபிறகு மாட்யூலைப் பேசலாம்" என்றேன். பின்சக்கர சென்சார் வயர் அறுந்திருந்தது. மாட்யூலுக்கு ஒன்றுமில்லை. மாட்யூலுக்குக் கேட்டதில் சின்னப் பங்குதான் செலவானது.

இன்னொன்றும் சொன்னேன். டீசல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பெரும்பாலும் இன்ஜின் சுழற்றும் பம்பிலிருந்துதான் வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்தால், நாலைந்து மிதியில் பெடல் கல்லாகிவிடும். சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். சூடேறிய பிரேக்கை எந்த ஏபிஎஸ்ஸும் காப்பாற்றாது.

ஊரில் அப்பாவோ அண்ணனோ பழைய வண்டி ஓட்டுகிறார்களா? காசு அனுப்புமுன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். இறக்கத்தில் எப்படி இறங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.