புகைபோக்கிக்குள் மழை

கொடைக்கானலில் பழைய வீடு வாங்குகிற சமவெளிக்காரர்கள் முதலில் மயங்குவது கணப்பைப் பார்த்துத்தான். சுவரில் மூட்டம் போட்டிருக்கும் ஈரக்கறை, தரைப்பலகையின் உளுப்பு எதுவும் கண்ணில் படாது. ஜன்னலில் ஏரி, உள்ளே விறகு எரியும் கணப்பு. அவ்வளவு போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். என் மாமாவும் அப்படித்தான் போட்டார். ஏரிக்கரைச் சாலைக்கு மேலே, சரிவில் நிற்கும் வீடு. கருங்கல் சுவர், தகரக் கூரை, செங்கல்லில் இரண்டு சிம்னி. கட்டட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் ரிப்பேருக்குத் திட்டம் போட்டுத் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“மே மாசம் வா மாப்ள, க்ளைமேட் நல்லா இருக்கும்” என்றார். நான் நவம்பரில் வருகிறேன் என்றேன்.

சிம்னியை நெருப்பு சம்பந்தப்பட்ட பொருளாகவே எல்லோரும் நினைக்கிறோம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். வீட்டுச் சுவர்களுக்குக் கூரையின் இறவாணம் குடை பிடிக்கிறது. கூரைக்கு மேலே தலை நீட்டும் சிம்னிக்கு யாரும் பிடிப்பதில்லை. நான்கு பக்கமும் மழை, உச்சியிலும் மழை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறி, ஜனவரி இரவுகளில் உறைபனியையும் வாங்கிக்கொள்கிறது. ஏரியைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு மூடுபனி வேறு. 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் நீரோடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. சுற்றுச் சரிவுகளின் நீரெல்லாம் அதை நோக்கித்தான் இறங்கும். ஆகவே சரிவில் இருக்கும் வீட்டுக்கு மேலிருந்து வரும் தண்ணீர் ஒன்று, பின்சுவரில் மண்வழியாக வரும் தண்ணீர் இன்னொன்று. எது எந்த வழியில் நுழைகிறது என்பதைக் காய்ந்த சுவரில் கண்டுபிடிக்க முடியாது. மழை பெய்யும்போது டார்ச்சோடு பரணில் ஏறினால் வீடே காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுத்தது. ஒரு சிம்னியை ஒட்டிய கூரைச் சந்தில் தண்ணீர் சொட்டியது. தகரமும் செங்கல்லும் சேரும் அந்த இடத்தில் முன்பு ஈயத்தகடு இருந்திருக்க வேண்டும்; இப்போது தார்ப்பட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. அதன்மேல் ஒருவர் சிமெண்டை அப்பியிருந்தார், அதன்மேல் இன்னொருவர் பசையை. அடுத்த சிம்னிக்குக் கீழே கூடத்துச் சுவரில் பழுப்புக் கறை, கரிவாசனையோடு. அது புகைக்குழாய்க்குள்ளேயே இறங்கிய மழை, பழைய புகைக்கரியைக் கரைத்துக்கொண்டு வெளியே கசிந்தது. அதற்கு எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழையில் திரும்ப வரும்.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். வயதானவர், சுண்ணாம்பில் வேலை பழகியவர். சாவியால் செங்கல் சந்தைக் கீறிப் பார்த்தார். பழைய காரை மாவாக உதிர்ந்தது. சற்று மேலே யாரோ சிமெண்ட் பாயிண்டிங் செய்திருந்த பகுதியில் சந்து கல்லாக நின்றது, செங்கல்தான் முகம் பொரிந்து உதிர்ந்திருந்தது.

“சிமெண்ட் நல்லாத்தான் நிக்குது சார். செங்கல்லைத்தான் தின்னுருச்சு” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. அந்தக் காலச் செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். சுண்ணாம்புச் சந்து அந்த ஈரத்தை வெளியே விடும். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் அசைந்தால் தானும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், கெட்டால் தான் கெடும். சிமெண்ட் வழிவிடாது. ஈரமும் உப்பும் செங்கல் வழியாகவே வெளியேறி, அதன் முகத்தைப் பெயர்த்துவிடும். சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் கலச மகாலையும் ஹுமாயூன் மகாலையும் புதுப்பித்தபோது பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவைக்கே திரும்பியது வெறும் பழமைப் பற்றால் அல்ல. மாமாவுக்கு இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சிமெண்ட் என்றால் உறுதி என்று ஒரு தலைமுறையே நம்பி வளர்ந்திருக்கிறது.

சுண்ணாம்பு என்று முடிவானதும் காலண்டர் கைக்கு வந்துவிடுகிறது. சுண்ணாம்பை நீற்றிச் சில வாரம் ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதானால் அதற்கும் நாள் வேண்டும். பூசியபின் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் அது இறுகும். அதுவரை மழை அடிக்கக் கூடாது, பனி உறையக் கூடாது, ஒரேயடியாகக் காயவும் கூடாது. ஈரச்சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். இத்தனைக்கும் தோதான மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். அதை விட்டால் கோடை சீசன்: மலைப்பாதையில் நெரிசல், ஆளுக்குத் தட்டுப்பாடு, ஏற்றுகூலி இரட்டிப்பு. எனவே மாமாவின் மே மாதம் காலி.

வேலையின் வரிசையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உச்சியில் தொடங்கிக் கீழே வர வேண்டும். முதலில் சாரம், ஏணியில் தொங்கிக்கொண்டு சிம்னி வேலை செய்யச் சொல்வது பாவம். பிறகு தலைப்பலகை, அதாவது உச்சியை மூடும் சரிவான வார்ப்பு. சுவரைவிட ஒன்றரை அங்குலமாவது வெளியே நீண்டு, அடியில் நீர் சொட்டும் பள்ளக்கோடு இருக்க வேண்டும். பிறகு சந்துகள்: அகலத்தைப்போல இருமடங்கு ஆழம் கையுளியால் சுரண்டி, நனைத்து, நிரப்புவது. கிரைண்டர் வேண்டாம், அது செங்கல் விளிம்பைக் கடித்துவிடும். அதன்பின் ஈயத்தகடு. கூடத்துப் பூச்சும் பெயிண்டும் கடைசி. மாமா பெயிண்டிலிருந்து தொடங்க நினைத்திருந்தார், எல்லோரையும் போல.

இனி நெருப்பு. இரண்டு கணப்பில் ஒன்றைத்தான் எரிக்கலாம் என்றேன். கூடத்துக் கணப்பின் வாய் அகலம், புகைக்குழாய் ஒடுக்கம். குழாயின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் புகை மேலே போகும். 1796இல் ரம்ஃபோர்டு பிரபு எழுதிய கணப்புக் கட்டுரை இந்த அளவுகளைப் பற்றியதுதான். தொண்டையைக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, லண்டன் வீடுகளின் புகைத் தொல்லையைத் தீர்த்தவர் அவர். இங்கே வாயைக் குறுக்கினால் போதும். குழாயின் உட்பூச்சும் கொட்டியிருக்கிறது. சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்து உள்ளே பூசுவது பழைய ஆங்கிலேய வழக்கம் என்றதும் கொத்தனார் முகத்தில் முதல்முறையாக வெள்ளைக்காரர்கள்மேல் மரியாதை தெரிந்தது. ஆனாலும் இப்போது துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்குவதே பத்திரம். பச்சை விறகும் கூடாது. ஒரு வருடமாவது காய்ந்த வாட்டிலோ யூகலிப்டஸோ வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் தார் படிந்து ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

படுக்கையறைக் கணப்பை நிரந்தரமாக ஓய்வில் வைக்கச் சொன்னேன். அடைபட்ட குழாயும் சாத்திய கதவும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. மலை ஊர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. ஓய்வு என்றாலும் செங்கல் வைத்து அடைத்துவிடக் கூடாது. உள்ளே காற்று ஓடாவிட்டால் ஈரம் தேங்கும். மேலே தொப்பி, கீழே சிறு காற்றுத்துளை.

திட்டத்தின் கடைசி வரியில்தான் சண்டை வந்தது. உச்சியில் நீளவாக்கில் ஓடிய விரிசல், டிஷ் ஆண்டெனாவை மாட்ட அடித்த போல்ட் துளையிலிருந்து தொடங்கியிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு சிம்னியை ஆட்டுகிறது. அதைக் கழற்றித் தோட்டத்தில் தனிக் கம்பம் நட்டு மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். சுண்ணாம்புக்கும் ஈயத்தகட்டுக்கும் மறுபேச்சு பேசாத அத்தை, சீரியல் முடியும்வரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எந்த சீரியல் என்று கொத்தனார் விசாரித்தார். பெயரைக் கேட்டதும், “அது இப்போதைக்கு முடியாது சார், முதல்ல கம்பத்தை நட்ருவோம்” என்றார்.