கடைசிக் கூடையும் நிறுவைக்கு வரட்டும்

பசறையில் எங்கள் பாடசாலையின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிய, நாங்களே ஜாவாவில் ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். நாங்கள் புள்ளிகளை அடிக்க அடிக்க, பின்னணியில் ஒரு திரெட் அவற்றை வரிசையாகப் பென் டிரைவில் எழுதும்.

முதலில் ஒரு தொல்லை. ஜன்னலை மூடினாலும் மென்பொருள் நிற்கவில்லை. சாதாரண திரெட் ஒன்று மிச்சமிருந்தாலும் ஜாவா தானாக முடியாது. குறுக்குவழியில் அதை 'டீமன்' திரெட் ஆக்கினோம். உடனே நின்றது. சந்தோஷப்பட்டோம்.

ரிப்போர்ட் கொடுத்த மறுநாள் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் வந்தார். "சேர், புள்ள கணக்குப் பரீட்ச எழுதினானே, இதுல ஒன்னும் போடலியே?"

பார்த்தால், கடைசி மூன்று பிள்ளைகளின் புள்ளிகள் பதியவே இல்லை. டீமன் திரெட் முடியும்வரை ஜாவா காத்திருக்காது. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போய்விடும். பிழை எங்களுடையது.

அந்தத் தாயின் மலையில் வேலை விட்டதும் யாரும் கூடையைப் போட்டுவிட்டு வருவதில்லை. பறித்ததை நிறுத்து, கணக்கில் பதிந்த பிறகுதான் வீடு.

அப்படியே மாற்றினோம். டீமனை எடுத்துவிட்டு எக்ஸிகியூட்டர் வைத்தோம். மூடும்போது 'ஷட்டவுன்': புது வேலை ஏற்காது, வரிசையில் உள்ளதை முடிக்கும். பிறகு 'அவெய்ட் டெர்மினேஷன்': 30 விநாடி காத்திருப்போம். அதற்குள் முடியாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும். திரெட்டை 'ஸ்டொப்' செய்து கொல்லவில்லை. 1998இல் வந்த ஜாவா 1.2லேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மகனுக்குக் கணக்கில் 74. திருத்திய ரிப்போர்ட்டைத் தாயின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். சிரித்தார், அல்ஹம்துலில்லாஹ்.