பலகைக்கு அப்பால்



காட்டுப்பள்ளியில் நம் சபையைச் சேர்ந்த பதினேழு வயது மகள் ஒருத்தி, கராத்தேயில் அடுத்த பெல்ட்டுக்கான தேர்வுக்கு ஆயத்தமாகிறாள். ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பலகையைக் கைமுட்டியால் உடைக்க வேண்டும். சென்ற முறை பலகை உடையவில்லை, கைதான் வீங்கியது. அவளுடைய தாயார் என்னிடம் வந்து, "ஐயா, வலையைச் சீர்செய்யவும் மீன் அரியவும் பரீட்சை எழுதவும் இந்தக் கைதானே வேண்டும்? நீங்களே அவளிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்" என்றார். நியாயமான கவலை. ஆகவே பதில் சொல்லுமுன் இதைக் குறித்து வாசித்தேன். இரண்டு மாலைகள் அவளுடைய பயிற்சியையும் உடனிருந்து பார்த்தேன்.

இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ரொனால்ட் மெக்நேர். 1950இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர், இயற்பியலில் முனைவர், கராத்தேயில் பிளாக் பெல்ட் பெற்றவர். 1984இல் விண்வெளிக்குச் சென்று திரும்பிய அவர், 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் சிதறியபோது மாண்ட எழுவரில் ஒருவர். அவரும் மைக்கேல் ஃபெல்டு, ஸ்டீபன் வில்க் என்னும் இருவரும் சேர்ந்து, 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1979 ஏப்ரலில் கராத்தேயின் இயற்பியலைப் பற்றி எழுதினார்கள். பயின்றவரின் கை நொடிக்குப் பத்து முதல் பதினான்கு மீட்டர் வேகத்தை எட்டும் என்று அளந்தார்கள். அந்த உச்ச வேகம் கை முழுவதும் நீளுமுன்னரே வந்துவிடுகிறது. அதன்பின் கை தானாகவே தளரத் தொடங்குகிறது. எனவே பலகையின் மேற்பரப்பையே இலக்காகக் கொள்பவரின் கை, பலகையைத் தொடும் நேரத்தில் வேகம் இழந்திருக்கும். இலக்கு பலகைக்குச் சில அங்குலம் அப்பால் இருக்க வேண்டும்.

நம் மகளிடம் கண்ட குறையும் இதுவே. வலிக்குமோ என்று அஞ்சிக் கடைசிக் கணத்தில் கையைப் பின்னிழுத்தாள். பலகை உடைந்தால் கை அதனூடே கடந்துபோகும். உடையாவிட்டால் கொடுத்த அடியின் அதிர்ச்சி முழுவதும் எலும்பிலேயே வந்து இறங்கும். அலைவாய் தாண்டுகிற நம் தகப்பன்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலை தணியும் சமயம் பார்த்துக் காத்திருப்பார்கள். புறப்பட்டபின் அலையின் முகத்தில் துடுப்பை நிறுத்தமாட்டார்கள்.

பலகையையும் பார்க்க வேண்டும். சவுக்குக் கட்டை பிளப்பவர் அதன் இழை ஓடும் திசையிலேயே கோடரியை இறக்குகிறார். அப்படியே, பலகையைத் தாங்கும் இரு விளிம்புகளும் இழைக்கு இணையாக இருந்தால், நடுவில் விழும் அடிக்கு அது இழையோடு பிளக்கும். திசை மாற்றி வைத்தால் பெரியவர்களுக்கும் அது உடையாது. ஈரம் ஏறிய மரமோ வளைந்துகொடுக்கும், எளிதில் முறியாது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இது சிறிய காரியமல்ல. அவள் பயிற்சிப் பலகைகளை அடுக்கி வைத்திருந்ததோ கிணற்றடியில்!

அடி ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிகளில் விழ வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. சிறுவிரல் பக்கம் விழுந்தால் அங்குள்ள மெல்லிய எலும்பு முறிவது வழக்கம். கையை உரமாக்குகிறேன் என்று வளரும் பிள்ளைகள் சுவரில் குத்துவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவர்களுடைய எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

அப்போஸ்தலனாகிய பவுல், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், காற்றில் வீணாய்க் குத்துகிறவனைப் பற்றிப் பேசுகிறார். குத்துச்சண்டையைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் 'சிலம்பம்' என்று எழுதியிருக்கிறது. கொரிந்துக்கு அருகே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்துவந்ததால் அந்தச் சபையார் உவமையை உடனே உணர்ந்திருப்பார்கள். சிலம்பக் கம்பைக் கண்டு வளர்ந்த நம் முன்னோரும் அவ்வாறே உணர்ந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

வேண்டாமென்று அந்த மகளிடம் நான் சொல்லவில்லை. தாயாரிடம் இவற்றை விளக்கி, பயிற்சியின்போது ஒருநாள் உடனிருந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். பின்பு மகளுக்குத் தாமே ஒரு நிபந்தனை விதித்தார்: தேர்வில் இரண்டு அடி மட்டும், இரண்டிலும் உடையாவிட்டால் அன்றைக்குக் கையை எடுத்துவிட வேண்டும். மகள் சம்மதித்தாள். பலகைகள் இப்போது ஆலயத்தின் மொட்டைமாடியில் வெயிலில் காய்கின்றன.